இரண்டாவது ஆட்டக்காரர்

விஸ்கான்சின் மாநிலம், காகானா ஊர், ஆற்றோரத் தெருவில் ஒற்றை அறை வீட்டில் தனியாகக் குடியிருக்கும், காகித ஆலை மேற்பார்வையாளர் டேல் வாண்டெஹே, வயது 58, ஆகிய நான் போலீசார் கேட்டதற்குச் சொல்வது:

எனக்கும் ஜோலீனுக்கும் சென்ற வசந்தத்தில் விவாகரத்து ஆனது. எங்களிடம் பின்பால் மெஷின் ஒன்று, இரும்புப் பந்தைக் கீழே விழவிடாமல் தட்டி ஆடுவது, இருந்தது. அதன் ஆடுகளத்தில் மேல்பாதியைக் கழற்றி ‘கிட்’ என்னும் வேறொரு பலகையைச் செருகினால் அது வேறு ஆட்டம். தீர்ப்பில் ‘மெஷின் ஒன்று மனைவிக்கு, ஆட்டங்கள் நான்கு கணவனுக்கு’ என்று எழுதிவிட்டார்கள். கிட் இல்லாமல் மெஷின் ஓடாது என்ற விவரம் நீதிபதிக்குத் தெரியாது. தெரிந்த நாங்கள் இருவரும் வீம்புக்கு வாயைத் திறக்கவில்லை. அவளிடம் வெறும் கூடு. நான்கு கிட்டும் எட்டு மாதமாக என் கட்டிலடியில் கிடந்தன.

இன்று சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, அவள் வேலைக்குப் போயிருப்பாள் என்று தெரிந்தே, திருப்பித் தராமல் வைத்திருந்த சாவியால் அவள் வீட்டுப் பின்கதவைத் திறந்து, பனி அப்பிய பூட்ஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, பேஸ்மென்ட்டுக்கு இறங்கி, சுமந்துபோன கலங்கரைவிளக்க ஆட்டத்தின் கிட்டை மெஷினில் செருகினேன். அதன்பிறகு தொடக்கப் பொத்தானைக் கைப்பழக்கத்தில் இரண்டு முறை அழுத்திவிட்டேன். அப்படி அழுத்தினால் இருவர் ஆட்டம். என் முதல் பந்து போனதும் ‘இரண்டாவது ஆட்டக்காரர்’ என்று மெஷின் கூப்பிட்டது. இரண்டாவது ஆள் எப்போதும் ஜோலீன்தான். மெஷின் வாங்கிய நாளிலிருந்து அவள் பந்தை நான் அடித்ததில்லை. அணைத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. அது கூப்பிடக் கூப்பிட நாற்பது நிமிடம் சும்மா நின்றேன்.

அதன்பிறகு ஜோலீன் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டாள்.

“அடப்பாவி! பூட்ஸக் கழட்டி வச்சுட்டு நுழையற திருடன் ஊர்லயே நீ ஒருத்தன்தான். இங்க என்ன பண்ற?”

“உன் பந்துக்கு நிக்கறேன்.”

“உனக்குக் கிறுக்கு முத்திப்போச்சு. மொதல்ல சாவியக் குடு.”

கொடுத்தேன். அதன்பிறகு அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் தன் பந்தை ஆடினாள். என்னைவிட நன்றாக ஆடினாள், எப்போதும் அப்படித்தான், எரிச்சலாக இருந்தது. பந்து விழுந்ததும் போனை எடுத்தாள்.

“போலீசக் கூப்பிடறேன். உன் முற. அவங்க வர்றதுக்குள்ள ஆடிடு.”

நான் ஆடவில்லை. ஆடாதவரை ஆட்டம் முடியாது. உங்கள் ஆள் என்னைக் கூட்டிவந்தபோது மெஷினின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கிட் அங்கேயே இருக்கிறது. அதை வாங்கித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். ஒரு திருத்தம்: கைப்பழக்கம் என்று நான் சொன்னது பொய். தெரிந்தேதான் இரண்டு முறை அழுத்தினேன். மற்றதெல்லாம் உண்மை.

(ஒப்பம்) டேல் வாண்டெஹே