பதினேழு மரங்கள்

மரம் வைப்பதில் எனக்குக் கைராசி உண்டு. கம்ப்யூட்டரில்தான் சொல்கிறேன். மண்ணில் நான் ஒரு செடிகூட நட்டதில்லை.

உட்கார்ந்தே பேசுகிறேன். ஆனால் இந்த நாற்காலியைச் சுவர் ஓரமாக நகர்த்திக்கொள்ள அனுமதியுங்கள். அறையின் நடுவில் உட்கார இப்போதெல்லாம் பிடிப்பதில்லை. கீழே என்ன இருக்கிறது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. நன்றி. இப்போது சரி.

என் மருமகள் பக்கத்து அறையில் இருக்கிறாள். காலையிலிருந்து அவளைக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் படக் கோப்புகளில் அவள் பெயர் இருப்பது உண்மைதான். ஆனால் மரங்களை வைத்தது நான். எங்கள் வீட்டுப் பெண் இப்படி ஒரு போலீஸ் கட்டடத்துக்குள் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்திருந்தாள் என்ற பேச்சு எங்கள் குடும்பத்துக்கு ஆகாது. அதனால்தான் நானாகவே வந்தேன். யாரும் என்னைக் கூட்டிவரவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழில் உங்களுக்குப் புரிய வேண்டும். கட்டப்போகும் கட்டடத்தை முதலில் கம்ப்யூட்டரில் மாடலாகச் செய்வோம். மாடல் தனியாக இருந்தால் மேசைமேல் வைத்த பொம்மை மாதிரி இருக்கும். அதனால் அந்த இடத்தை ட்ரோன் விட்டு மேலிருந்து படம் எடுத்து, அந்தப் படத்தின்மேல் மாடலை உட்கார வைப்போம். படம் எடுத்த நேரத்தில் வெயில் எந்தப் பக்கம் இருந்ததோ, அதே பக்கத்திலிருந்துதான் மாடலுக்கும் வெளிச்சம் விழ வேண்டும். நிழல் மாறினால் குட்டு வெளிப்பட்டுவிடும். மாடலும் நிலமும் சேரும் ஓரம் எப்போதும் துருத்திக்கொண்டு நிற்கும். அங்கே ஒரு புதர், ஒரு மரம் வைத்து மறைப்போம். தண்ணீர் லாரி, காயப்போட்ட துணி, குப்பை, எல்லாவற்றையும் அழிப்போம். இதில் தப்பு ஒன்றும் இல்லை. எல்லோரும் செய்வதுதான்.

ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் கட்டடத்தைத்தான் வரைந்தது என்று நினைப்பார்கள். கீழே இருக்கும் நிலம் போட்டோ. அதைச் சந்தேகப்படவே மாட்டார்கள்.

அந்த முதியோர் இல்லத்துக்கான நிலம் மலைச்சரிவில் ஒற்றைப் படி மாதிரி இருந்தது. உள்பக்கம் பாறை. வெளிப்பக்கம் பள்ளத்தாக்கைப் பார்த்த விளிம்பு. நிலம் உறுதியானது என்று சான்று கொடுத்தது நான். என் அப்பா ஆரம்பித்த அலுவலகம் அது. வாசலில் இன்னும் அவர் பெயர்தான் தொங்குகிறது. எழுபது வருடத்தில் எங்கள் கையெழுத்தோடு போன காகிதம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. நேரில் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்பீர்கள். போனேன். முழங்கால் வலியும் மழையும் சேர்ந்துகொண்டதால் காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்.

கட்டடத்தை வரைந்தவன் என் மகன். முதல் பெரிய வேலை அவனுக்கு. பாறைமேல் உட்காரும்படி அழகாக வரைந்திருந்தான். ட்ரோன்காரர் அனுப்பிய படங்களில் மாடலை உட்கார வைக்கும் வேலை மருமகளுடையது. ஒருநாள் காலை என் அறைக் கதவைத் தட்டினாள்.

"மாமா, கொஞ்சம் வந்து பாருங்களேன். இந்த மண்ணுக்குப் புருவம் இருக்கு."

போய்ப் பார்த்தேன். வெளி விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி, வளைந்த கோடு ஒன்று ஓடியது. மெல்லியதுதான். தரையில் நின்று பார்த்தால் புல் மறைத்துவிடும். மேலிருந்து பார்த்தால் மட்டும், கண் மூடிக் கிடக்கும் ஒரு முகத்தின் புருவம் மாதிரி இருந்தது.

அது என்னவென்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. விளிம்பு மண் விரிசல் விட்டுக் கீழே சரியப் புறப்படுவதன் முதல் அடையாளம் அது. ஐம்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவனுக்குத் தெரியாதா?

"ஆட்டுத் தடம்மா அது," என்றேன்.

"ஆடு இவ்வளவு அழகா வளைவு போடுமா மாமா? கையில காம்பஸ் வச்சுக்கிட்டு மேஞ்சுதோ?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "மண் பரிசோதனை பண்றவங்களை ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்கட்டுமா?"

"நான் பார்த்த நிலத்தை இன்னொருத்தன் வந்து பார்க்கணுமா?"

தலையாட்டினாள். நல்ல வீட்டில் வளர்ந்த பெண். பன்னிரண்டு மணிக்குப் பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்துவரக் கிளம்பினாள். அவள் கம்ப்யூட்டர் திறந்தே இருந்தது. நான் உட்கார்ந்தேன்.

புருவத்தின் நீளத்துக்குப் பதினேழு மரங்கள் தேவைப்பட்டன. ஒரே மரத்தைத் திரும்பத் திரும்ப வைத்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் திருப்பினேன், கொஞ்சம் பெரிதாக்கினேன், கொஞ்சம் சிறிதாக்கினேன். காலை ஒன்பதரை மணி வெயிலுக்கு ஏற்ற நிழல் கொடுத்தேன். முடித்துவிட்டுப் பின்னால் சாய்ந்து பார்த்தேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது.

அவள் திரும்பி வந்து திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"மாமா, மரத்துக்கு அடியில அது இருக்குல்ல?"

"படத்துல இல்லம்மா," என்றேன்.

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று நீங்கள் அவளிடம் சொல்லியிருக்கலாம். என் வீட்டில் மாமனாரிடம் இரண்டாவது முறை கேட்கிற வழக்கம் இல்லை. அதை வைத்தவனும் நான்தான்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். இல்லத்தின் உரிமையாளர் அம்மாள் படத்தைப் பார்க்க வந்தார். என் மகன் ஜன்னல், தாழ்வாரம், காற்றோட்டம் என்று ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் கேட்டதாகவே தெரியவில்லை.

"கட்டடம் கிடக்கட்டும் தம்பி. இந்த மரங்க எனக்கு அப்படியே வேணும். எண்ணி வைக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் விடமாட்டேன்."

கட்டடம் எழும்போதே, படத்தை விரித்து வைத்துக்கொண்டு, அதில் இருந்த இடத்திலேயே பதினேழு குழிகள் தோண்டினார்கள். ஆள் உயரத்துக்கு வளர்ந்த மரங்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். என்னையும் பார்க்கக் கூப்பிட்டார்கள். தோட்டக்காரர் குழாயைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"விசித்திரமான மண்ணுங்க இது. எவ்வளவு ஊத்தினாலும் குடிக்குது. குழி நிறையவே மாட்டேங்குது. எந்த ஜென்மத்துத் தாகமோ தெரியல."

தண்ணீர் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். தினமும் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம், அந்தக் கோட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. "நல்லா ஊத்துங்க," என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அன்றிலிருந்துதான் எனக்கு இந்தப் பயம். வீட்டுக்குள் ஓர் ஈ பறந்தாலும் ட்ரோன் சத்தம் போலக் கேட்டது. நடக்கும்போது பாதையின் ஓரம் பிடித்து நடந்தேன். பேத்தி கூடத்தில் குதித்து விளையாடினால் அதட்டினேன். "தாத்தாவுக்கு என்ன ஆச்சு?" என்று அவள் தன் அம்மாவிடம் கேட்டாள். மருமகள் என்னைப் பார்த்தாள்.

கட்டடம் முடிந்து, ஆட்கள் குடிவந்த பிறகு இன்னொரு முறை மேலிருந்து படம் எடுத்தார்கள். வரவேற்பறைச் சுவரில் பெரிதாக மாட்டுவதற்கு. இந்த முறை எனக்கு நேராக அனுப்பும்படி ட்ரோன்காரரிடம் சொல்லிவிட்டேன். கதவைத் தாழிட்டுக்கொண்டு திறந்தேன்.

புருவம் உயர்ந்திருந்தது.

வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு மரங்களுக்கு நடுவே இருட்டாக ஓர் இடைவெளி. அளந்து பார்த்தேன். ஒரு முழம் இருந்தது. கண் திறக்கப் போகிற முகம் மாதிரி, என்னையே பார்க்கப் போகிற மாதிரி இருந்தது. உடனே இலைகளை அடர்த்தியாக்கி மூடினேன். பழைய பழக்கத்தில் நிழலும் போட்டேன். மருமகளின் கணக்கிலிருந்து அனுப்பினேன், ஏனென்றால் அந்த வேலைகள் எப்போதும் அங்கிருந்துதான் போகும். அவளை மாட்டிவிட வேண்டும் என்ற எண்ணம் எனக்குச் சத்தியமாக இல்லை.

அந்தப் படத்தை வைத்துத்தான் இல்லத்தில் ஆபத்துக்கால வழிகாட்டி அச்சடித்தார்கள். ஒவ்வோர் அறைக் கதவுக்குப் பின்னாலும் ஒட்டினார்கள். மணி அடித்தால் எல்லோரும் எங்கே போய்க் கூட வேண்டும் என்று ஒரு பச்சை வட்டம். வட்டத்தை அவர்கள் மரத்தடியில் போட்டிருந்தார்கள். நிழலான இடம், கட்டடத்தைவிட்டு விலகிய இடம், பெஞ்சும் இருக்கிறது. ஒப்புதலுக்காக என்னிடம் வந்தது. கையெழுத்துப் போட்டேன். மறுத்தால் காரணம் எழுத வேண்டும். காரணம் கேட்டு ஒரு கட்டம் அந்தக் காகிதத்திலேயே இருந்தது.

இனி அந்த வியாழக்கிழமை.

ஏழு நாள் மழைக்குப் பிறகு அன்று தூறல் மட்டும். வீட்டில் இருக்க முடியாமல் நானே காரை ஓட்டிக்கொண்டு போனேன். என்ன செய்யப் போனேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. சொல்லிவிடலாம் என்றுகூட வழியில் நினைத்ததாக ஞாபகம். முகப்புத் தாழ்வாரத்தில் நின்று மரங்களைப் பார்த்தேன். விளிம்போரம் இருந்த மூன்று மரங்கள் பள்ளத்தாக்குப் பக்கம் சாய்ந்திருந்தன. அவசரத்தில் வைத்த மரங்கள் அப்படித்தான் கோணலாக நிற்கும். திருத்த வேண்டும் என்று தோன்றியது. கம்ப்யூட்டரில் தோன்றுவது மாதிரியே தோன்றியது.

அப்போது மணி அடித்தது. சமையலறையில் பால் தீய்ந்து புகை வந்திருக்கிறது, அவ்வளவுதான். நெருப்பு இல்லை. ஆனால் அவர்களுக்கு நன்றாகப் பழக்கியிருந்தார்கள். இருபத்தாறு பேர். தள்ளுமுள்ளு இல்லாமல், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, என்னைக் கடந்து போனார்கள். ஒரு பாட்டி தன் செருப்பு மாறிவிட்டதாகப் புலம்பிக்கொண்டே போனார். கடைசியாக வந்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார். நான் அங்கே போகும்போதெல்லாம் என்னைச் சீண்டுகிறவர்.

"என்ன இன்ஜினியரே, தூணைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க? தூறலுக்கே இப்படியா? வாங்க, உங்க மரத்தடிக்குத்தான் போறோம்."

"நீங்க போங்க வாத்தியாரே. பின்னாடியே வர்றேன்," என்றேன்.

தூணைப் பிடித்திருந்தது அதுவரை எனக்குத் தெரியாது. அவர் சொல்லித்தான் பார்த்தேன். என் கால் பாறைமேல் கட்டிய தளத்தில் இருந்தது. அவர் குடையை விரித்துக்கொண்டு புல்லில் இறங்கினார். வாத்தியார் அல்லவா, மரத்தடியில் நின்று தலைகளை எண்ண ஆரம்பித்தார். என் காதில் விழுந்தது. இருபத்துமூன்றுவரை எண்ணினார்.

சத்தம் பெரிதாக இல்லை. தடிமனான துணியைக் கிழிப்பது மாதிரி. பிறகு அங்கே மரங்களும் இல்லை, குடையும் இல்லை. வானம் மட்டும் இருந்தது.

ஏன் கத்தவில்லை என்று கேட்கிறீர்கள். அவர்கள் என்னைக் கடந்து நடந்துபோக நான்கு நிமிடம் ஆகியிருக்கும். போதுமான நேரம்தான். ஒரு சொல் போதும். ஆனால் கத்தியிருந்தால் ஏன் கத்தினாய் என்று கேட்டிருப்பார்கள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார்கள். அதன்பிறகு என் அப்பாவின் பெயரைக் கழற்ற வேண்டியிருந்திருக்கும். மண் சரியாமல் நின்றிருந்தால், கத்தியது வீணாகப் போயிருக்கும். யோசித்துத்தான் சும்மா இருந்தேன். தெரிந்தேதான் இருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், மருமகளை வீட்டுக்கு அனுப்புங்கள். பேத்தி பள்ளிவிட்டு வந்திருப்பாள்.

இன்னும் ஒன்றே ஒன்று. செய்தியில் 'முதியோர் இல்லம் சரிந்தது' என்று போடுகிறார்கள். அதைத் திருத்தச் சொல்ல வேண்டும். நேற்றும் போய்ச் சுற்றிலும் பார்த்துவிட்டு வந்தேன். என் மகன் கட்டிய கட்டடத்தில் ஒரு கீறல்கூட இல்லை.