பம்பு பிளக் கழன்று கிடந்த விதம்

என் பெயர் சோனா, வயது 33, தகப்பனார் பெயர் சுவக்கீன், சூரியநெல்லி எஸ்டேட் பழைய தொழிலாளர் லயத்தில் குடியிருந்து வருகிறேன். மலையாளம் பேசுவேன், வாசிக்கத் தெரியாது. ஆகையால் நான் தமிழில் சொல்வதை மலையாளத்தில் எழுதாமல் தமிழிலேயே எழுதும்படி கேட்டுக்கொண்டேன். விசாரணைக்கென்று இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் வைத்திருக்கும் வினோ என் உடன்பிறந்த அண்ணன். கடைத்தெருவில் உள்ள எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் வேலையை அவரும், ஒயரிங் வேலையை நானும் பார்த்து வருகிறோம்.

சின்னக்கானலில் தங்கும் விடுதி நடத்தும் ஜிதின் என்பவர் மலையேற்றப் பந்தயங்களில் கார் ஓட்டுகிறவர். போன மாதம் அவர் தன் பந்தயக் காரை எங்களிடம் கொண்டுவந்தார். பெல்ட்டில் சுற்றும் வாட்டர் பம்பு எஞ்சினின் இழுவையைத் தின்கிறது, எஞ்சினை அணைத்ததும் அதுவும் நின்றுவிடுவதால் சூடு இறங்குவதில்லை, அதனால் பேட்டரியில் ஓடும் பம்பு வைக்க வேண்டும் என்று கேட்டார். அதன் பிறகு அண்ணன் பழைய பம்பின் உள்விசிறியைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரின் கீழ் ஹோஸை வெட்டி இடையில் புதுப் பம்பைப் பொருத்தினார். நான் பேட்டரியிலிருந்து பியூஸ், ரிலே வைத்து ஒயர் இழுத்து, பம்பின் அருகே ஒரு பிளக்கில் முடித்தேன். அந்தப் பிளக்கில் ரப்பர் வளையமும் கிளிப்பும் உண்டு. கிளிப்பை விரலால் அமுக்கினால் ஒழிய அது கழலாது.

வேலை நடந்தபோது ஜிதினின் மனைவி சிஞ்சுவும் ஒருநாள் கூட வந்திருந்தார். ஜிதின் போன வருடம் ஒரு பந்தயத்தில் கவிழ்ந்து தோளில் பிளேட் வைத்தவர். இனி ஓட்ட வேண்டாம் என்று சிஞ்சு பலமுறை அழுதும் அவர் கேட்கவில்லை என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்று சிஞ்சு குனிந்து பம்பைப் பார்த்து, இது ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று என்னிடம் கேட்டார். எஞ்சின் சூடாகும், வண்டி நின்றுவிடும் என்றேன். கரண்டு எந்த வழியாக வருகிறது என்றும் கேட்டார். பிளக்கைத் தொட்டுக் காட்டினேன். வேலை தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார் என்று நினைத்தேனே தவிர, வேறு எதுவும் தோன்றவில்லை.

அதன் பிறகு தண்ணீரில் இருந்த காற்றை வெளியேற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஒழுக்கு இல்லை என்று ஜிதினுக்குக் காட்டி வண்டியை ஒப்படைத்தோம். அவர் வீட்டுக்கு ஓட்டிச் சென்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அனுமதி வாங்கிய எஸ்டேட் ரோட்டில் பயிற்சிக்குப் போனார். பக்கத்து சீட்டில் சிஞ்சுவின் தம்பி சுஜின் உட்கார்ந்திருந்தார். மேட்டில் ஏறும்போது ஹோஸ் வெடித்து, பானெட்டில் வெட்டியிருந்த துளைகள் வழியாகக் கொதிநீரும் ஆவியும் கண்ணாடியை மூடியதாகவும், ரோடு தெரியாமல் வண்டி தேயிலைக்குள் இறங்கி இடது பக்கம் சில்வர் ஓக் மரத்தில் மோதியதாகவும் ஜிதின் சொல்லி அறிந்தேன். அவருக்குச் சிராய்ப்புத்தான். சுஜினுக்கு இடது கால் நசுங்கி, கோட்டயத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அன்று மாலையே ஜிதின் புகார் கொடுத்து, போலீசார் அண்ணனை அழைத்து வந்தார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கே முதலில் அண்ணன் மேல்தான் சந்தேகம். கீழ் ஹோஸின் கிளாம்பை முடுக்க மறந்திருப்பாரோ என்று நினைத்தேன். அண்ணன் ஜீப்பில் ஏறும்போது என்னிடம், "நீ பிளக்க ஒழுங்கா மாட்டுனியா?" என்று மட்டும் கேட்டார். மாட்டினேன் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு போனார். அந்தப் பார்வைக்குப் பிறகு என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மறுநாள் ஸ்டேஷன் முற்றத்தில் மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் வண்டியைச் சோதித்தபோது அண்ணனோடு ஜிதினையும் என்னையும் கூப்பிட்டார்கள். கிளாம்பு எல்லாம் இறுக்கமாக இருந்தது. பம்பின் பிளக் கழன்று கிடந்தது, கிளிப் உடையவில்லை. பிளக்கின் உள்ளே, ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் பச்சைக் கூலன்ட் காய்ந்த கறை இருப்பதை இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்துக் காட்டினார். மாட்டியிருந்தால் ரப்பர் வளையத்தைத் தாண்டி உள்ளே ஈரம் போயிருக்காது, ஆகவே ஹோஸ் வெடிப்பதற்கு முன்பே யாரோ கையால் கழற்றியிருக்கிறார்கள் என்றார். சூட்டைக் காட்டும் மீட்டரின் சென்சார் மேல் ஹோஸில் இருந்ததால், தண்ணீர் ஓடாதபோது அது சரியாகக் காட்டியிருக்காது, ஜிதினுக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்றும் சொன்னார். அப்போது அங்கிருந்தவர்கள் எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். நான் ஜிதினைப் பார்த்தேன். வண்டி அவர் வீட்டில்தானே கிடந்தது என்று நினைத்தேன். அந்த வீட்டில் இருப்பது ஜிதின் மட்டும் அல்ல என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது.

அதன் பிறகு நான் கோட்டயம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜிதின் என்னை வராந்தாவில் நிறுத்திச் சத்தம் போட்டார். சிஞ்சு மட்டும் திட்டவில்லை. "அவங்கள விடுங்க" என்று ஜிதினைக் கையைப் பிடித்து அனுப்பிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். பம்புக்குக் கரண்டு போகாதபடி யாரோ கழற்றியிருக்கிறார்கள் என்று போலீஸ் சொல்வதாகச் சொன்னேன். யார் என்று அவர் கேட்கவில்லை. என் சந்தேகம் அதில்தான் உறுதியானது.

பிறகு அவராகவே, "வண்டி கிளம்புன கொஞ்சத்துல நின்னுரும்னுதான்க்கா நெனச்சேன். எஞ்சின் போனா இந்த வருசம் ஓட்ட மாட்டாங்கன்னு. சுஜின் அன்னிக்கு வர்றதாவே இல்ல" என்றார்.

என் அண்ணன் ஸ்டேஷனில் இருக்கிறார் என்றேன். தெரியும் என்றார். வேறு யாரும் சொல்வதற்கு முன் தம்பியிடம் தானே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதற்குச் சம்மதித்தேன். வார்டு வாசலில் நின்றேன். உள்ளே பேசியது கேட்கவில்லை. கால் இல்லாத பக்கம் சரிந்திருந்த போர்வையை சிஞ்சு இழுத்துவிடப் போனதையும், சுஜின் அவர் கையைத் தட்டிவிட்டதையும் பார்த்தேன். அதன் பிறகு சிஞ்சு வெளியே வந்து, "போலாம்க்கா" என்றார். ஜிதினிடம் சொல்லவில்லை. இருவரும் பஸ் ஏறினோம். அடிமாலியில் டீ வாங்கிக் கொடுத்தேன், ஆறும்வரை கையில் வைத்திருந்து கீழே ஊற்றிவிட்டார். இப்போது இந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

பிளக்கை அவர் கழற்றியதை நான் கண்ணால் பார்க்கவில்லை. அவர் வாயால் சொன்னதைச் சொல்கிறேன். என் அண்ணனை விட வேண்டும் என்பதற்காகவே வந்தேன், சிஞ்சு மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை.

எழுதியதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். 'உயிருக்குச் சேதம் வரட்டும் என்ற எண்ணத்தோடு' என்று ஓரிடத்தில் இருந்தது. அப்படி நான் சொல்லவில்லை, அதை அடிக்க வேண்டும் என்றேன். அடித்தார்கள். மற்றவை நான் சொன்னபடியே, கூடாமல் குறையாமல் இருக்கின்றன என்று ஒப்புக்கொண்டு, அடித்த இடத்திலும் கீழேயும் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
சு. சோனா