தவறிட்டாரு

வத்தலக்குண்டிலிருந்து திண்டுக்கல் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். “அந்தக் கப்பல்காரங்க என்னதான் சொல்றாங்க?” என்று மூத்தவர் கேட்டார். செம்பட்டி வரையாவது தூங்கலாம் என்றிருந்த எனக்கு அதோடு தூக்கம் போயிற்று.

“போன்ல ஒரு சின்னப் புள்ளதான் பேசுச்சு மதினி. கப்பல்ல சுத்திப் பாக்கக் கட்டுன அட்வான்ஸத் திருப்பிக் குடுங்க, எங்க வீட்டுக்காரரு தவறிட்டாருன்னு சொன்னேன்.”

“அதுக்கு?”

“மீதிப் பணம் கட்டுற தேதியத் தவற விட்டுட்டாரா, பரவாயில்லம்மா, அட்வான்ஸ் அப்படியே இருக்கும், அடுத்த கப்பலுக்கு சாரக் கூட்டிட்டு வாங்கன்னுச்சு.”

“வெவரத்தச் சொல்ல வேண்டியதுதானே?”

“சரிம்மா, கூட்டிட்டு வாரேன்னு சொல்லி வச்சுட்டேன்.”

செம்பட்டியில் பூ மூட்டைகளை ஏற்றினார்கள். அந்தச் சத்தம் அடங்கியதும் இளையவர் மூத்தவர் பக்கம் சாய்ந்தார்.

“இன்னைக்கு திண்டுக்கல்ல அவங்க ஆபீஸ்ல நேராக் கேப்பாங்க. செத்துப்போயிட்டாருன்னு நான் இதுவரைக்கும் வாயால சொன்னதில்ல. நீங்க சொல்லிருங்க மதினி.”

மூத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்க எழுந்தபோதுதான் அவரிடமிருந்து பதில் வந்தது.

“அவன் எனக்குத் தம்பி, தாயி. நானும் எல்லாருகிட்டயும் தவறிட்டான்னுதான் சொல்லிட்டு இருக்கேன்.”