டோகோவில் ஒரு யன்னல்

கனடாவில், மல்வேர்னிலிருந்து புறப்பட்ட பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த தகப்பன் சொன்னது காதில் விழுந்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.

“டோகோவில மாதக்கணக்கா இருந்தனான், பிள்ளை. ஆனா டோகோவைப் பார்க்கேல்லை.”

இதை எழுதியே ஆகவேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது.

பள்ளிக்கூடப் பையோடு இருந்த மகள் பதறினாள். “அப்பா, நாளைக்கு நீங்கள் கிளாஸுக்கு வந்து கதைப்பீங்கள் எண்டு ரீச்சருக்குச் சொல்லிப்போட்டன். என்ர ப்ரொஜெக்டே டோகோதான்.”

“காசு வாங்கி ஆக்களைக் களவா அனுப்புற ஏஜென்சிக்காரன் கனடாவுக்கு ஏத்திவிடும் வரைக்கும் எங்களை ஒரு அறைக்குள்ள பூட்டி வச்சிருந்தவன். நான் எதைச் சொல்லுறது?”

“பொஸ்பேட்? பருத்தி? முதல்ல ஜெர்மன்காரர், பிறகு பிரெஞ்சுக்காரர் ஆண்டது?”

“அது நீ படிச்சது. எனக்குத் தெரிஞ்சது ஒரு யன்னல். அதால பார்த்தா கடல். அதுக்கு அங்கால கனடா எண்டு நினைச்சு, காலமை எழும்பி எல்லாரும் அந்தப் பக்கம்தான் கும்பிட்டனாங்கள்.”

அவள் போனில் வரைபடத்தைப் பெரிதாக்கினாள். ஒடுங்கிய நாடு, அடியில் மட்டும் கடல்.

“அப்பா, அது தெற்குப் பக்கம். நேர போனா அண்டார்டிக்காதான் வரும்.”

தகப்பன் போனை வாங்கிப் பார்த்தார். “அப்ப பனிக்கட்டியையோ கும்பிட்டது?”

“இங்கயும் பனிதானே. இதையே சொல்லுங்கோ.”

“பிள்ளையள் சிரிப்பினம்.”

“சிரிச்சா நல்லம். பிறகு கேள்வி கேப்பினம்.”

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஆங்கிலத்தில் முதல் வசனத்தை முணுமுணுத்துப் பார்த்தார்.

“இன்னும் சத்தமா, அப்பா. கிளாஸில கடைசி வாங்கில இருக்கிறவைக்கும் கேக்கோணும்.”