கழுவி வைத்த எட்டுக் கற்கள்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் வைத்தியநாதன் அவர்களே! மங்கி கேப்புக்குள் முகம் புதைத்தும் முன்னதாகவே வந்துவிட்ட பெரியோர்களே! வங்கத்து மீன் மணத்துக்கு நடுவே வத்தக்குழம்பைக் காத்துவரும் தாய்மார்களே! முனைவர் பட்டம் பெற்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் மாடிவீட்டு மஹிமாவே! வணக்கம்.

கிடர்பூர் துறைமுகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சுங்க அதிகாரி இந்தத் திருவேங்கடம். பெட்டி வந்தால் என் முதல் கேள்வி, "எந்த நாட்டுச் சரக்கு?" பிறந்த நாட்டைச் சொல்லும் சீட்டு இல்லையா? பெட்டி நகராது! அப்படிப்பட்ட நான், ஒரு மலையின் சீட்டையே அழித்த கதையைச் சொல்லவா? சொல்லு என்கிறார் பின்வரிசையிலிருந்து நண்பர் பரமசிவம். என் மானம் போவதில் அவருக்கு அவ்வளவு ஆசை!

தொண்ணூற்றாறு நவராத்திரி. பூஜை விடுமுறைக்கு மஹிமாவின் நிலவியல் ஆய்வகத்தைப் பூட்டிவிட்டார்கள். ஆய்வுக்காக ராஜ்மகால் மலையில் பெயர்த்த எட்டுக் கற்களை அவள் எங்கள் கூடத்தில் வைத்துவிட்டுப் போனாள். எங்கள் கொலுவிலோ மலை கட்டக் கல் போதவில்லை. எடுத்தேன், தேய்த்தேன், அடுக்கினேன்!

மாலையில் வந்தவள் முகம் வெளுத்தது. "மாமா, கல்லுல இருந்த அம்புக்குறி எங்கே?"

"கிறுக்கலா இருந்துதேம்மா, பளிச்சுனு அலம்பிட்டேன்!"

அழுதுவிட்டாள். எரிமலைக் குழம்பு கல்லாகும்போது அன்றைய காந்தத் திசை அதற்குள் உறைந்துவிடுமாம். மலையில் அந்தக் கல் எப்படிக் கிடந்தது, எது மேல்பக்கம், எது வடக்கு என்று காட்டியது அந்த அம்பு. அது போனால் கல் ஊமை. ஆய்வேடு கொடுக்க நான்கே மாதம்!

விடுப்புப் போட்டேன். புதுக் கற்கள் பெயர்க்க அவளோடு மலையேறினேன். திசைகாட்டியை நீட்டினால் முள் தள்ளாடுகிறது. பாறையே காந்தமல்லவா? குச்சி நட்டு, சூரியன் போட்ட நிழலை வைத்து வடக்கைக் குறித்தோம். குச்சி பிடித்தவன் அடியேன். கை தட்டாதீர்கள், அது பிராயச்சித்தம்!

மலை நடக்குமா? மண் மிதக்குமா? கண்டம் காலெடுத்து வைக்குமா? கல்லைக் கேட்டாள் மஹிமா. உறைந்த காந்தத் திசை நிலநடுக்கோட்டில் பிறந்த கல்லில் படுத்திருக்கும், வடக்கே பிறந்ததில் குனிந்திருக்கும், தெற்கே பிறந்ததில் நிமிர்ந்திருக்கும். புதிதாகப் பெயர்த்து வந்த கற்களில் நன்றாகவே நிமிர்ந்திருந்தது! பதினோரு கோடி ஆண்டுகளுக்கு முன், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே நெடுந்தொலைவில் பிறந்த மலை ஐயா அது!

"அப்போ நம்ம மெட்ராஸ்?" என்றேன்.

"அதுவும் கூடவேதான் வந்தது மாமா. ஒரே நிலத்துண்டு."

டிரான்ஸ்ஃபரில் வந்தவர்கள் நாம் மட்டும்தானா, சொல்லுங்கள்!

மஹிமா என்னை மன்னித்துவிட்டாள். ஆனால் அந்த எட்டுக் கற்கள் இன்றும் எங்கள் கொலு மலையில்தான் இருக்கின்றன. புறப்பட்ட இடம் அவற்றுக்குத் தெரியும். கேட்கும் வழியைத்தான் நான் அலம்பிவிட்டேன்.

கல்லிடம் கேட்கத் தெரிந்த மஹிமாவை வாழ்த்தி, இந்தக் கிழவனைக் கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கு நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்!