என் பொண்ணு அளவுக்கு

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகும் ஷேர் ஆட்டோ. ஓட்டுநரின் நண்பர் முன்சீட்டில் அவரை ஒட்டி உட்கார்ந்திருந்தார். நான் பின்னால்.

“இன்னா மச்சான், பாட்டு முனகுது? ஸ்பீக்கர் புட்டுக்கிச்சா?”

“அதெல்லாம் நல்லாத்தான் கீது. பென்டிரைவ்ல கீற எல்லாப் பாட்டையும் என் பொண்ணு அளவுக்கு இறக்கிட்டேன்.”

“பொண்ணு அளவுக்கா?”

“அவ வூட்ல பாடுனதை போன்ல புடிச்சு இதுல போட்டேன். சினிமாப் பாட்டு முடிஞ்சு அவ பாட்டு வந்தா கேக்கவே மாட்டேங்குது. வண்டி ஓட்டிக்கினே எத்தினி வாட்டி வால்யூமைத் திருகறது? அதான் கம்ப்யூட்டர்ல போட்டு எல்லாத்தையும் ஒரே லெவலாக்கிட்டேன்.”

“அவ சத்தத்தை ஏத்தறதுதானே? மத்ததை ஏன் கொறைச்சே?”

“ஏத்திப் பார்த்தேன். அடுப்புல இருந்த குக்கர் விசிலும் சேர்ந்து ஏறிடுச்சு.”

நண்பர் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த பாட்டு வந்தது. ஒரு சிறுமியின் குரல். முந்தைய பாட்டுக்கு இம்மியும் குறையாத சத்தம்.

“நல்லா இருக்கே, எந்தப் படம்பா இது?” என்று என் பக்கத்திலிருந்த பெண் கேட்டார்.

“படம் இன்னும் வரலக்கா,” என்றார் ஓட்டுநர்.

குக்கர் விசிலடித்தது.