மார்ஷ்கேட் விதவையின் கடைசி அத்தியாயம்

லண்டன் குவார்ம்பி அச்சகத்தின் மெய்ப்புத் திருத்துநர் மிஸ் ஆர்ட்டெமிசியா திரெல்ஃபால் அவர்கள் பணி நிறைவு பெறும் நன்னாளில், அச்சுக்கோப்போர் கூடி வாசித்தளிக்கும் மடல்.

பிழைகளின் பெரும்பகையே! காற்புள்ளிகளின் காவல் தெய்வமே! மூக்குக்கண்ணாடி வழியே எங்களை முப்பது ஆண்டுகள் மிரட்டிய மேன்மையே! வணக்கம்.

மாடி மூலையறையில், மசி மணமும் விளக்குப் புகையும் சூழ அமர்ந்து, மருந்து விளம்பரம் முதல் மதகுருவின் மறையுரை வரை தாங்கள் திருத்தாத தாளில்லை. தங்களிடம் திட்டு வாங்காத ஆளுமில்லை.

திருத்தியது மட்டுமா? வாரம் ஒரு பென்னிக்கு, 'ஒரு கனவான்' என்ற முகமூடியோடு வந்து இந்நகரை நடுங்கவைத்த 'மார்ஷ்கேட் விதவை' தொடர்கதை தங்கள் கைவண்ணமே என்பதை இக்கூடம் அறியும். கல்லறையிலிருந்து எழுந்து இரத்தம் குடிக்கும் அவளை அச்சுக்கோக்கையில் கழுத்துப்பட்டையை இறுக்கிக்கொண்டோம் என்பதை வெட்கமின்றிச் சொல்கிறோம்.

கடைசி அத்தியாயத்தில் தாங்கள் அவளைக் கொல்லவில்லை. கொல்ல வந்தவர்களின் நடுவே, விடியலில், தலைநிமிர்ந்து கதவைக் கடக்கவிட்டீர்கள். மூத்த முதலாளி கொதித்தார்.

"ரத்தம் குடிச்சவ சும்மா போறதா? நெஞ்சுல முளையை அடிச்சுக் கதையை முடிங்க. இல்லாட்டி வேற ஆளை வச்சு அடிப்பேன்!"

"அவளை உயிரோட புதைச்சவனை விட்டுட்டு அவளை மட்டும் அடிக்கணுமா? என் கையால நடக்காதுங்க" என்றீர்கள் தாங்கள்.

வேறு ஆள்தான் முளையடித்து முடிவெழுதினான். தங்கள் கைப்பிரதி, அச்சகத்து வழக்கப்படி, துண்டுகளாக வெட்டி எங்களுக்குள் பங்கிடப்பட்டு, வேலை முடிந்ததும் அடுப்புக்குப் போயிருந்தது. கோத்து வைத்த ஈய எழுத்துகளையும் கலைத்துப் பெட்டியில் போடச் சொன்னார் முதலாளி. அன்று மாடியேறிய தாங்கள் அதன்பின் ஒரு வரி கதை எழுதவில்லை. அது எங்களுக்கு வலித்தது, அம்மையே.

இனி, தாங்கள் அறியாத ஒன்று. மெய்ப்பில் வேற்று அச்சின் எழுத்துகள் கலந்து வரும்போதெல்லாம் போர்மேன் ஹாக்கெட்டை உலுக்குவீர்கள்.

"இது எந்த ஊரு எழுத்துய்யா? நம்ம வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் எங்க போச்சு?"

"தேஞ்சு போச்சும்மா" என்று தலையைச் சொறிவார் ஹாக்கெட்.

தேயவில்லை! நம் வீட்டுப் பிள்ளைகளான அந்த ஈய எழுத்துகள், பக்கம் அடுக்கும் கல்மேசைக்கு அடியில், கயிற்றுக் கட்டோடு, தங்கள் கடைசி அத்தியாயமாகவே படுத்திருந்தார்கள். ஒருவரும் கலைக்கவில்லை. பற்றாக்குறைக்கு வேற்று எழுத்தைச் செருகினோம். திட்டைத் திருப்தியாக வாங்கிக்கொண்டோம்.

இன்று அச்சகம் மகன் கையில், அவரும் இசைந்துவிட்டார். 'மார்ஷ்கேட் விதவை' தங்கள் முடிவோடு நூலாகிறது. முகப்பில் கனவான் இல்லை. 'ஆர்ட்டெமிசியா திரெல்ஃபால்' என்று, இருப்பதிலேயே பெரிய எழுத்தில் கோத்திருக்கிறோம்.

நோயின்றி, நொடியின்றி, நெடுங்காலம் வாழ்க! அடுத்த கதையை எங்களிடமே தருக!

விடைபெறுபவர் கூடத்தைக் கடக்கையில் சுத்தியலாலும் இரும்பாலும் தட்டி முழங்குவது நம் வழக்கம். இதுவரை எந்தப் பெண்ணுக்கும் முழங்கியதில்லை, இன்று முழங்கும். ஆனால் பொறுங்கள். கடைசி அத்தியாயத்தின் மெய்ப்பு ஈரம் காயாமல் மேசையில் கிடக்கிறது. தாங்கள் திருத்திக் கையெழுத்திட்டால்தான் எந்திரம் ஓடும். பென்சிலை எடுங்கள், அம்மையே. கையெழுத்து விழுந்ததும் தட்டுகிறோம். விதவையும் தாங்களும் சேர்ந்தே கதவைக் கடந்து போங்கள்.

இங்ஙனம்,
சுத்தியலோடு காத்து நிற்கும்
குவார்ம்பி அச்சுக்கோப்போர்